சுவரில் ஏறும் ஓதம்: கண்டுபிடிப்பது முதல் பூசி முடிப்பது வரை

தரையிலிருந்து ஒன்றிரண்டு அடி உயரத்துக்குச் சுவர் நிறம் மாறுகிறது. பெயின்ட் கொப்பளிக்கிறது. விரலால் தேய்த்தால் பூச்சு மாவாக உதிர்கிறது, ஓரத்தில் வெள்ளையாக உப்பு பூத்து நிற்கிறது. இதைப் பார்த்ததும் பெரும்பாலானோர் செய்வது ஒன்றுதான்: உதிர்ந்ததைச் சுரண்டிவிட்டு, சிமென்ட் பூசி, நீர்புகாப் பெயின்ட் இரண்டு கோட் அடித்துவிடுவது. சில மாதங்கள் சுவர் பளிச்சென்று இருக்கும். அப்புறம் அதே ஈரம் பூசிய இடத்துக்கு ஓர் அடி மேலே தலைகாட்டும்.

சுவருக்குள் வரும் தண்ணீரைக் குறைக்க வேண்டும், உள்ளே இருப்பது வெளியேற வழிவிட வேண்டும், மூடி மறைக்கும் வேலையை விட்டுவிட வேண்டும். இந்த வழிகாட்டியில் வரும் எல்லாப் படிகளும் இதைச் சுற்றியே அமைந்தவை. சுவரில் துளை போட்டு ரசாயனம் ஏற்றுவதும் இதில் உண்டு. ஆனால் அது முதலில் செய்ய வேண்டிய வேலை அல்ல. பல வீடுகளில் அதற்குத் தேவையே வராது.

ஈரம் ஏன் ஏறுகிறது, எதுவரை ஏறும்

செங்கல், சாந்து, மணற்கல் எல்லாமே கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் நிறைந்தவை. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல, ஈர மண்ணைத் தொட்டு நிற்கும் சுவரில் தண்ணீர் இந்தத் துளைகள் வழியே ஏறுகிறது. ஏறும் ஓதம் என்பது இதுதான். துளை எவ்வளவு சிறிதோ அவ்வளவு உயரம் ஏறும் என்பதை மெல்லிய கண்ணாடிக் குழாய்களை வைத்து ஆங்கிலேய விஞ்ஞானி ஜேம்ஸ் ஜுரின் 1718-லேயே காட்டிவிட்டார். கணக்குப் போட்டால், ஒரு மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஆரம் உள்ள துளையில் தண்ணீர் ஏறத்தாழ 15 மீட்டர் ஏற வேண்டும். நிஜச் சுவரில் அப்படி நடப்பதில்லை. பெரும்பாலும் ஒரு மீட்டருக்குள், அரிதாக ஒன்றரை மீட்டர் வரை ஏறி நின்றுவிடுகிறது. ஏறும் வழியெல்லாம் சுவரின் இரு பக்கங்களிலும் தண்ணீர் ஆவியாகிக்கொண்டே இருப்பதுதான் காரணம். கீழே நுழையும் அளவும் மேலே ஆவியாகும் அளவும் சமமாகும் இடத்தில் ஈரம் நிற்கிறது.

டைல்ஸ் ஒட்டியோ நீர்புகாப் பூச்சு பூசியோ ஆவியாகும் வழியை அடைத்தால் தண்ணீர் ஏறுவது நிற்காது. வெளியேற இடம் கிடைக்கும்வரை மேலே போய்க்கொண்டே இருக்கும். முன்பு இரண்டடியில் நின்ற கறை நாலடிக்குப் போவது இப்படித்தான்.

அடுத்தது உப்பு. மண்ணிலிருந்து ஏறும் தண்ணீர் வெறும் தண்ணீர் அல்ல; குளோரைடு, நைட்ரேட் உப்புகளையும் கரைத்துக் கொண்டுவருகிறது. செங்கல்லிலும் சிமென்டிலும் ஏற்கெனவே இருக்கும் சல்பேட்டும் இதோடு சேர்ந்துகொள்ளும். தண்ணீர் ஆவியாகிப் போய்விடும், உப்பு தங்கிவிடும். பரப்புக்குச் சற்று உள்ளே அது படிகமாகும்போது உண்டாகும் அழுத்தம் பூச்சைப் பிளந்து உதிர்க்கிறது. சுவர் பொரிவதற்குத் தண்ணீரைவிட இந்த உப்புதான் நேரடிக் காரணம். இன்னொரு தொல்லையும் இருக்கிறது. நைட்ரேட், குளோரைடு உப்புகள் சில காற்றிலிருந்தே ஈரத்தை உறிஞ்சும். கீழிருந்து தண்ணீர் வருவது முழுக்க நின்றுவிட்ட பிறகும், காற்றில் ஈரப்பதம் கூடும் நாட்களில் பழைய பூச்சு மறுபடி நனைந்து தெரியும். வேலை தோற்றுவிட்டது என்று பலர் நினைப்பது இந்தக் கட்டத்தில்தான்.

முதல் படி: இது ஏறும் ஓதம்தானா?

ஏறும் ஓதம் என்பதே மிக அரிது, எல்லாம் வேறு கோளாறுகள்தான் என்று வாதிடும் கட்டட நிபுணர்கள் உண்டு. அது கொஞ்சம் அளவுக்கு மீறிய வாதம் என்பது என் கருத்து. ஆனாலும் சுவரின் அடியில் ஈரம் தெரிந்தாலே அதை ஏறும் ஓதம் என்று முடிவுகட்டுவது அதைவிடப் பெரிய தவறு. ஒரே மாதிரி தோன்றும் மூன்று கோளாறுகளை முதலில் விலக்க வேண்டும்.

குழாய்க் கசிவு: கறை ஓரிடத்தில் மட்டும் இருக்கும், மழை, வெயில் எதற்கும் மாறாது. சுவருக்குள் குழாய் ஓடும் இடமா, மறுபக்கம் குளியலறையா என்று பாருங்கள். எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டுத் தண்ணீர் மீட்டரைக் கவனியுங்கள். முள் நகர்ந்தால் எங்கோ கசிகிறது. தொட்டியிலிருந்து வரும் இணைப்பாக இருந்தால் தொட்டியின் மட்டத்தைக் குறித்துவைத்து இரவு முழுக்க யாரும் பயன்படுத்தாமல் விட்டுப் பாருங்கள். கழிவுநீர்க் குழாய்க் கசிவு இந்த இரண்டிலும் சிக்காது. அதற்கு நிறமேற்றிய தண்ணீரை ஊற்றிப் பார்க்க வேண்டும்.

வெளியிலிருந்து ஊடுருவும் மழைநீர்: மழைக்குப் பின் ஒன்றிரண்டு நாளில் கூடும், காய்ந்தால் குறையும். வெளிப்புறத்தில் நேர் எதிரே விரிசலோ, உடைந்த மழைநீர்க் குழாயோ, ஜன்னல் அடியில் இடைவெளியோ இருக்கும். உயரக் கட்டுப்பாடு இதற்குக் கிடையாது.

காற்றின் ஈரம் சுவரில் படிவது: குளிர்ந்த மூலைகளிலும் அலமாரிக்குப் பின்னாலும் கரும்பூஞ்சையாகத் தெரியும். உண்மையான ஏறும் ஓதத்தில் கரும்பூஞ்சை அவ்வளவாகப் பிடிக்காது, ஏனென்றால் உப்பு அதை வளர விடுவதில்லை. சந்தேகமாக இருந்தால் ஓர் அடி சதுர அலுமினியத் தாளைச் சுவரில் வைத்து நான்கு ஓரமும் டேப் போட்டு ஒட்டி ஒன்றிரண்டு நாள் விடுங்கள். அறைப் பக்கம் நீர்த்துளி படிந்தால் காற்றின் ஈரம். தாளின் பின்பக்கம் நனைந்திருந்தால் சுவருக்குள்ளிருந்து வருகிறது. சுவர் ஏற்கெனவே ஈரமாக இருக்கும்போது தாளை ஒட்டினால் டேப் பிடிக்காது. அந்த இடத்தை மெல்லத் துடைத்து மேற்பரப்பை உலரவிட்டு ஒட்டுங்கள்.

ஏறும் ஓதத்தின் அடையாளங்கள்: தரையிலிருந்து தொடங்கும், சுவரின் நீளத்துக்கு ஏறத்தாழ ஒரே உயரத்தில் ஓடும், மேல் விளிம்பில் அலை அலையாக ஓர் உப்புக் கோடு இருக்கும். அந்தக் கோட்டுக்கு மேலே சுவர் காய்ந்திருக்கும். உப்பைச் சுரண்டி எடுத்து நைட்ரேட் சோதனைத் தாளில் பார்ப்பதும் பயனுள்ளது. மீன் தொட்டிக்குப் பயன்படுத்தும் தாளே போதும். நைட்ரேட் இருந்தால் தண்ணீர் மண்ணிலிருந்து வந்திருக்க வாய்ப்பு அதிகம்.

சுவரில் ஊசி முனையை அழுத்தி எண் காட்டும் ஈரமானியை நம்பி முடிவெடுக்க வேண்டாம். அது மின்தடையை அளக்கும் கருவி. மரத்துக்காக அளவு திருத்தப்பட்டது. உப்பு மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால், காய்ந்த சுவரிலும் உப்பு இருந்தால் எண் எகிறும். எங்கே அதிகம், எங்கே குறைவு என்று ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் அது உதவும். யாராவது வந்து அந்தக் கருவியை மட்டும் சுவரில் வைத்துக் காட்டி “சுவர் முழுக்க ஓதம், துளை போட்டு ரசாயனம் ஏற்றியாக வேண்டும்” என்றால் கொஞ்சம் பொறுங்கள்.

எடை பார்த்துச் செய்யும் சோதனை

இது நேரம் பிடிக்கும். ஆனால் பெரிய வேலை தொடங்கும் முன் செய்து பார்க்க வேண்டிய சோதனை இதுதான். சுவரில் இருக்கும் ஈரம் உப்பு காற்றிலிருந்து உறிஞ்சியதா, அல்லது தண்ணீர் இன்னும் வந்துகொண்டிருக்கிறதா என்பதைப் பிரித்துச் சொல்லும்.

தேவையானவை: டிரில், 0.01 கிராம் வரை காட்டும் சிறு தராசு, இறுக மூடும் சிறு டப்பாக்கள், ஓர் அவன் (oven), சமையல் உப்பு.

தரையிலிருந்து 30 செ.மீ. இடைவெளியில் ஒன்றரை மீட்டர் உயரம் வரை, செங்கல்லில் அல்லாமல் சாந்துச் சந்தில் துளை போட்டு மாதிரி எடுக்க வேண்டும். டிரில்லை மெதுவாக ஓட்டுங்கள். வேகமாக ஓட்டினால் சூட்டிலேயே ஈரம் போய்விடும். முதல் ஓர் அங்குலத்தில் வரும் தூளை விட்டுவிட்டு, உள்ளிருந்து வருவதை மட்டும் டப்பாவில் பிடித்து உடனே மூடி எடை பாருங்கள். ஒரே மட்டத்தில் இரண்டு மூன்று துளைகளின் தூளைச் சேர்த்துக்கொள்ளலாம்.

அப்புறம் ஒரு பெரிய மூடிய பெட்டிக்குள், கரையாத உப்பு அடியில் தங்கும் அளவுக்குக் கெட்டியாகக் கரைத்த உப்புநீரைக் கிண்ணத்தில் வைத்து, அதன் பக்கத்தில் தூளைத் திறந்த தட்டுகளில் பரப்பி ஒரு நாள் விடுங்கள். செறிவான சமையல் உப்புக் கரைசலுக்கு மேலே உள்ள காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தில் நிலைத்து நிற்கும் என்பதால்தான் இந்த ஏற்பாடு. மறுநாள் எடை பாருங்கள். கடைசியாக அவனில் 100 முதல் 105 டிகிரி செல்சியஸில் எடை மாறாமல் நிற்கும்வரை உலர்த்தி மறுபடி எடை பாருங்கள்.

ஓர் உதாரணம். எடுத்தபோது 10.00 கிராம், உப்புநீர்ப் பெட்டிக்குப் பின் 9.60, உலர்ந்தபின் 9.20 என்று வைத்துக்கொள்வோம். சுவரில் இருந்த ஈரம் 8 சதவீதம். இதே தூள் காற்றிலிருந்து பிடித்துவைக்கக்கூடியது 4 சதவீதத்தைச் சற்றுத் தாண்டுகிறது. மிச்சத்தைக் காற்று தந்திருக்க முடியாது. தண்ணீர் எங்கிருந்தோ நேரடியாக வருகிறது. முதல் எடையும் இரண்டாவது எடையும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தாலோ, முதலாவது குறைவாக இருந்தாலோ, அங்கே பிரச்சினை உப்பு மட்டும்தான். அந்த இடத்தில் பழைய பூச்சை மாற்றினாலே போதும், ரசாயனம் தேவையில்லை.

எல்லா உயரங்களின் எண்களையும் வரிசையாக எழுதிப் பாருங்கள். ஏறும் ஓதமானால் ஈரம் அடியில் அதிகமாகவும் மேலே போகப் போகக் குறைந்தும் இருக்கும். உப்பின் அளவு (தூள் காற்றிலிருந்து பிடித்துவைத்த ஈரமே அதைக் காட்டும்) இதற்கு நேர்மாறாக, கறையின் மேல் விளிம்பருகே உச்சத்துக்குப் போகும். இடையில் ஓர் உயரத்தில் மட்டும் ஈரம் எகிறினால் அங்கே குழாயையோ விரிசலையோ தேடுங்கள்.

இரண்டாவது படி: வெளியே தண்ணீரைக் குறையுங்கள்

இனி வீட்டுக்கு வெளியே வாருங்கள். சுவரைச் சுற்றி ஒரு முறை நடந்தாலே பல வீடுகளில் காரணம் கண்ணில் படும்.

கட்டும்போது அடித்தளத்துக்கு மேல் ஓர் ஓதத்தடுப்பு அடுக்கு போட்டிருப்பார்கள். கொத்தனார்கள் டி.பி.சி. என்பது இதைத்தான். தார்த்தாள், பாலித்தீன், செறிவான கான்கிரீட் என எதுவாகவும் இருக்கலாம். வெளியே உள்ள தரைமட்டம் இந்த அடுக்குக்குக் குறைந்தது 150 மி.மீ., அதாவது அரை அடி கீழே இருக்க வேண்டும். மழைத்துளி தரையில் பட்டுத் தெறிக்கும் உயரம் ஏறத்தாழ அவ்வளவு. காலப்போக்கில் என்ன நடக்கிறது என்றால், தோட்டத்து மண் ஏறுகிறது, முற்றத்தில் தளத்தின் மேல் தளம் போடுகிறார்கள், தெருவும் உயர்கிறது. நல்ல நிலையில் உள்ள டி.பி.சி. மண்ணுக்குள் புதைந்துபோகிறது. அந்த நிலையில் குற்றம் அடுக்கின்மேல் இல்லை, மண்ணின்மேல்தான்.

ஆகவே சுவரை ஒட்டிய மண்ணை வெட்டி மட்டத்தைக் குறையுங்கள். பூச்செடிப் பாத்தி சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தால் நகர்த்துங்கள். சுவரிலிருந்து விலகி ஓடும்படி தரைக்குச் சரிவு கொடுங்கள். ஒரு மீட்டருக்கு இரண்டு, இரண்டரை செ.மீ. இறங்கினால் போதும். மழைநீர்க் குழாய் சுவரடியிலேயே கொட்டினால் அதை நீட்டுங்கள். ஏசி இயந்திரத்தின் சொட்டுநீர், துணி துவைக்கும் இடத்தின் கழிவுநீர், ஓட்டை விழுந்த சாக்கடை ஆகியவற்றையும் விட்டுவிடாதீர்கள். சிறிய சொட்டுதானே என்று தோன்றும். நாளெல்லாம் சொட்டினால் அது சிறியதல்ல.

மட்டத்தைக் குறைக்க முடியாத இடத்தில் சுவரை ஒட்டி ஒரு வடிகால் பள்ளம் தோண்டலாம். அடியில் துளையிட்ட குழாய், அதைச் சுற்றி வடிதுணி, மேலே ஜல்லி. குழாய்க்கு வெளியேற ஒரு தாழ்வான இடம் கட்டாயம் வேண்டும், இல்லாவிட்டால் சுவரடியில் குளம் வெட்டியது போலாகிவிடும். பள்ளத்தின் அடி ஒருபோதும் அஸ்திவாரத்தின் அடிமட்டத்துக்குக் கீழே போகக் கூடாது. அஸ்திவாரம் எவ்வளவு ஆழம் என்று தெரியாவிட்டால் தோண்டும் முன் ஒரு பொறியாளரைக் கேளுங்கள்.

டி.பி.சி.யைத் தாண்டும் பாலங்களையும் தேடுங்கள். வெளிப்பூச்சு மண்வரை இறங்கியிருந்தால், அடுக்கு சரியாக இருந்தும் பூச்சின் வழியே ஈரம் அதைத் தாண்டிப் போய்விடும். அடுக்குக்கு மேலேயே பூச்சை நேர்கோடாக வெட்டி நிறுத்துங்கள். உள்ளே பூச்சு ஈரமான தரையைத் தொட்டுக்கொண்டிருந்தாலும் இதே கதைதான். பின்னால் சேர்த்துக் கட்டிய படிக்கட்டு, திண்ணை, மதில் இவையும் பாலமாகலாம்.

இவ்வளவும் செய்துவிட்டு ஒரு மழைக்காலமும் அடுத்த உலர் காலமும் பொறுத்துப் பாருங்கள். கறையின் உயரத்தைப் பென்சிலால் குறித்துவையுங்கள். இறங்கத் தொடங்கியிருந்தால் அடுத்த பெரிய வேலை தேவைப்படாமலே போகலாம்.

மூன்றாவது படி: பழைய பூச்சைக் கொத்தி எடுப்பது

உப்பேறிய பூச்சை எந்த மருந்தும் குணப்படுத்தாது. கண்ணுக்குத் தெரியும் கறைக்கு மேலே குறைந்தது 30 செ.மீ., முடிந்தால் அரை மீட்டர் வரை கொத்தி எடுங்கள். ஓரம் உப்பேறியிருந்தால் புதுப் பூச்சின் விளிம்பில் கறை மறுபடி தெரியும். அதனால் இங்கே கஞ்சத்தனம் வேண்டாம்.

தொடங்கும் முன் அந்தச் சுவரில் உள்ள பிளக் பாயின்ட்களின் மின்சாரத்தை மெயினில் அணைத்துவிடுங்கள். ஈரச் சுவரும் மின்கம்பியும் சேர்ந்தால் விபரீதம். பழைய வீடானால் பெயின்டில் ஈயம் இருக்கலாம். செங்கல், சிமென்ட் தூசியில் உள்ள சிலிக்கா நுரையீரலைக் கெடுக்கும். துணியைக் கட்டிக்கொண்டால் போதாது, தூசி வடிகட்டும் முகமூடியும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள்.

செங்கல் தெரிந்ததும் உலர்ந்த பிரஷ்ஷால் உப்பைத் தேய்த்து, கீழே விழுந்ததை அன்றே அள்ளி வெளியே கொட்டுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவக் கூடாது. உப்பு கரைந்து மறுபடி உள்ளே போய்விடும். பொடிந்துபோன சாந்துச் சந்துகளை இரண்டு செ.மீ. ஆழம் சுரண்டி விடுங்கள். அந்த ஆழம் உலர்வதற்கும் உதவும், புதுப் பூச்சு பிடிப்பதற்கும் உதவும். கதவு நிலை, மரத்தரை இந்தச் சுவரைத் தொட்டால் ஒரு ஊசியால் குத்திப் பாருங்கள். மரத்தின் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டினால் உளுத்துப்போகும் வாய்ப்பு உண்டு. மெத்தென்று ஊசி இறங்கினால் அந்தப் பகுதியை மாற்ற வேண்டும்.

நான்காவது படி: ஓதத்தடுப்பு அடுக்கு உண்மையிலேயே இல்லையென்றால்

வெளியே எல்லாம் சரிசெய்த பிறகும் எடைச் சோதனையில் தண்ணீர் ஏறுவது தெரிந்தால், புதிதாக ஓர் அடுக்கு தேவை. வழிகள் சில உண்டு.

சுவரைப் பகுதி பகுதியாக அறுத்து உள்ளே கெட்டியான பாலித்தீன் தகட்டையோ துருப்பிடிக்காத எஃகுத் தகட்டையோ செருகுவது மிக உறுதியான வழி. நேர் வரிசையில் கட்டிய செங்கல் சுவரில்தான் இது சாத்தியம். ஒரு மீட்டருக்கு மிகாத துண்டுகளாக, அடுத்தடுத்து அல்லாமல் ஒன்றுவிட்டு ஒன்றாக அறுத்து, செருகி, மேலே இடைவெளி விடாமல் இறுக்க வேண்டும். சுவரின் பலத்தோடு விளையாடும் வேலை என்பதால் அனுபவமுள்ளவர் இல்லாமல் தொடவே கூடாது.

மின்சாரம் செலுத்தியோ, சுவரில் மாட்டும் பெட்டியின் அலைகளாலோ ஈரத்தைக் கீழே தள்ளிவிடுவதாகச் சொல்லும் கருவிகள் விற்பனையில் இருக்கின்றன. கம்பியே இல்லாத பெட்டிகளுக்கு நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை. அதற்குச் செலவழிப்பதை வடிகாலுக்குச் செலவழிக்கலாம்.

பரவலாகச் செய்யப்படுவது, சிலேன் வகைக் கிரீமைத் துளைகளில் நிரப்பும் முறை. கிரீம் சாந்துக்குள் பரவி, அங்கிருக்கும் ஈரத்தோடு வினைபுரிந்து, நுண்துளைகளின் உட்பரப்பில் நீர் ஒட்டாத மெல்லிய படலமாகிறது. துளை அடைபடுவதில்லை, தண்ணீரை மேலே இழுக்கும் குணம் மட்டும் போய்விடுகிறது. செய்முறை இது:

வெளித் தரைமட்டத்துக்கு 150 மி.மீ. மேலே உள்ள ஒரு கிடைச் சாந்துச் சந்தைத் தேர்ந்தெடுங்கள். துளை சந்தில்தான் போட வேண்டும். சுவரில் தண்ணீர் தொடர்ச்சியாக ஏறும் பாதை சாந்து. செங்கல்லில் மட்டும் ஏற்றினால் தண்ணீர் சாந்து வழியே சுற்றிப்போய்விடும். உள்ளே குழாயோ மின்கம்பியோ ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள்.

12 மி.மீ. விட்டத்தில், 120 மி.மீ.க்கு மிகாத இடைவெளியில் துளைகள் போடுங்கள். ஆழம் மறுபக்கத்துக்கு 4 செ.மீ. முன்னே நிற்க வேண்டும். ஒன்பது அங்குலச் சுவருக்கு 19 செ.மீ. வரும். கிரீம் தயாரித்தவர் வேறு அளவு சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள். டிரில் பிட்டில் டேப் சுற்றி ஆழத்தைக் குறித்துக்கொண்டால் மறுபக்கம் துளைத்துக்கொண்டு போகாது.

துளைக்குள் இருக்கும் தூசியை ஊதி அகற்றுங்கள். பலர் அவசரத்தில் விடுவது இதைத்தான். தூசி தங்கினால் கிரீம் சாந்தைத் தொடாமல் தூசியில் ஊறி நின்றுவிடும். கிரீம் துப்பாக்கியின் குழலைத் துளையின் அடிவரை செருகி, மெல்லப் பின்னால் இழுத்தபடி இடைவெளி விழாமல் நிரப்புங்கள். வாயில் ஒரு செ.மீ. விட்டுவிடுங்கள், அதைப் பின்னால் சாந்தால் அடைக்கலாம்.

எவ்வளவு கிரீம் வாங்குவது? 12 மி.மீ. விட்டமும் 19 செ.மீ. ஆழமும் உள்ள ஒரு துளைக்கு ஏறத்தாழ 21 மி.லி. பிடிக்கும். 10 மீட்டர் சுவரில் 84 துளைகள் வரும், ஆக 1.8 லிட்டர், வீணாவதையும் சேர்த்து 2 லிட்டர் வைத்துக்கொள்ளுங்கள். வேலைக்கு ஆள் வைத்திருந்தாலும் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 10 மீட்டர் சுவருக்கு ஒரு லிட்டரில் வேலை முடிந்தது என்றால் துளைகள் நிரம்பவில்லை என்று பொருள்.

சுவர் ஒன்றரை அடிக்கு மேல் தடிமனானால் இரு பக்கமிருந்தும் துளையிடுவது நல்லது. மருந்து போடாத பக்கத்துச் சுவர் வந்து சேரும் இடத்தில் மேலிருந்து கீழாகவும் ஒரு வரிசை போட வேண்டும். உடைகல்லை மண்சாந்தில் நிரப்பிக் கட்டிய பழைய சுவரில் நேரான சந்து கிடையாது, உள்ளே வெற்றிடங்கள் இருக்கும். அதில் இந்த முறையை நம்பாதீர்கள். வடிகாலும் சுண்ணாம்புப் பூச்சும்தான் அதற்குச் சரி.

தரையையும் மறக்க வேண்டாம். தரைக்கு அடியில் பாலித்தீன் விரிப்பு இல்லையென்றால், சுவரும் தரையும் சேரும் மூலையில் ஈரம் தொடரும். தரையை மாற்றும் எண்ணம் இருந்தால் அந்த விரிப்பைச் சுவரோரம் மேலே மடித்துச் சுவரின் அடுக்கோடு சேர்த்துவிடுங்கள்.

ஐந்தாவது படி: உலரவிடுவது

இங்கேதான் பொறுமை போய்விடும். ஈரச் சுவர் 25 மி.மீ. தடிமனுக்கு ஒரு மாதம் என்ற கணக்கில் உலரும் என்பது பழைய நடைமுறைக் கணக்கு. ஒன்பது அங்குலச் சுவருக்கு ஒன்பது மாதம். கிரீம் பரவி வேலை செய்யவே சில வாரங்கள் ஆகும். அதற்குள் பூசிவிட்டால் உள்ளே மிஞ்சிய ஈரம் உப்போடு புதுப் பூச்சுக்கு வந்துவிடும்.

முழுதாக உலரும்வரை செங்கல்லைப் பார்த்துக்கொண்டே இருக்க முடியாது, சரி. குறைந்தது ஒரு உலர் காலமாவது விடுங்கள். ஜன்னல்களைத் திறந்து காற்றோட்டம் கொடுங்கள். ஹீட்டரைச் சுவருக்கு நேராக வைத்து அவசரமாக உலர்த்தினால் உப்பு ஒரேயடியாக மேற்பரப்புக்கு வந்து செங்கல்லின் முகத்தையே உதிர்க்கும். இந்த மாதங்களில் வெள்ளையாக உப்பு பூத்துக்கொண்டே இருக்கும், அது நல்லதுதான். வாரம் ஒரு முறை உலர் பிரஷ்ஷால் தட்டி அள்ளிவிடுங்கள்.

உப்பு மிக அதிகமானால் ஒரு பலிப்பூச்சு பூசலாம். சுண்ணாம்பும் மணலும் மட்டும் சேர்த்த மென்மையான பூச்சு அது. உப்பு அதற்குள் வந்து தங்கும், ஓராண்டில் அதைக் கொத்தி எறிந்துவிட்டு நிரந்தரப் பூச்சுக்குப் போகலாம்.

ஆறாவது படி: எதைக் கொண்டு பூசுவது

ஜிப்சம் பூச்சை இந்த உயரத்துக்குள் கொண்டுவராதீர்கள். ஈரத்தில் மென்மையாகிவிடும், உப்பையும் தாங்காது. நீர்புகா ரசாயனம் கலந்த கெட்டியான சிமென்ட் பூச்சைப் பலர் பரிந்துரைப்பார்கள். அது உப்பை உள்ளேயே தடுத்து நிறுத்தும் என்பது உண்மை. சுவரின் ஈரத்தையும் சேர்த்தே அடைக்கும் என்பதும் உண்மை. புதிய, உறுதியான செங்கல் சுவரில் நன்றாக உலர்ந்தபின் பூசினால் ஓரளவு பரவாயில்லை. பழைய, மென்மையான செங்கல்லில் அது செங்கல்லின் முகத்தையும் பெயர்த்துக்கொண்டு விழும்.

என் தேர்வு நீரில் இறுகும் சுண்ணாம்பு. சுண்ணாம்பு ஒரு பங்குக்குச் சலித்த, உப்பில்லாத கூர்மணல் இரண்டரை முதல் மூன்று பங்கு. கடற்கரை மணல் கூடவே கூடாது. செங்கல்லை லேசாக நனைத்து, ஒரு கோட் 10 மி.மீ.க்கு மிகாமல், இரண்டு மூன்று கோட்டாகப் பூசுங்கள். ஒவ்வொரு கோட்டும் விரல் நகம் பதியாத அளவு இறுகியபின்தான் அடுத்தது. முதல் சில நாட்கள் தண்ணீர் தெளித்து, நேர் வெயிலும் காற்றும் படாமல் ஈரச் சாக்கால் மறைத்து வையுங்கள். சுண்ணாம்பு தோலையும் கண்ணையும் அரிக்கும், கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். உப்புச் சுவருக்கென்றே காற்றுத் துளைகள் நிறைந்த தயார்நிலைப் பூச்சுக் கலவைகளும் உண்டு. உப்பு படிகமாக அந்தத் துளைகளில் இடம் கிடைப்பதால் மேற்பரப்பு உதிர்வது தள்ளிப்போகும்.

பூச்சு தரையைத் தொடக் கூடாது. இரண்டு மூன்று செ.மீ. இடைவெளி விட்டு நிறுத்தி, அதை ஸ்கர்டிங்கால், அதாவது சுவரடியில் ஓடும் பட்டையால் மறையுங்கள். இடைவெளியும் தெரியாது, ஈரமும் ஏறாது.

மேலே அடிப்பதற்குச் சுண்ணாம்பு வெள்ளை அல்லது சிலிக்கேட் பெயின்ட். இரண்டும் நீராவியை விடும். அக்ரிலிக் பட்டியும் பளபளப்பான எமல்ஷனும் எண்ணெய்ப் பெயின்டும் இந்தச் சுவரின் அடிப்பகுதிக்கு வேண்டாம். வழவழப்பு கொஞ்சம் குறையும்தான். அடுத்த ஆண்டு கொப்பளிக்காது.

முடித்த பிறகு

அலமாரி, கட்டில் தலைப்பலகை போன்றவற்றைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வையுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை மழைக்கு முன்னால் வெளியே மண் மட்டத்தையும் மழைநீர்க் குழாயையும் பாருங்கள். மண் ஏறுவது நாம் கவனிக்காமலே நடக்கும்.

கறை திரும்பினால் உடனே எல்லாவற்றையும் கொத்தத் தொடங்காதீர்கள். அது எங்கே வந்திருக்கிறது என்று பாருங்கள். புதுப் பூச்சின் மேல் விளிம்பில் மட்டும் வந்தால் அங்கே பழைய உப்புப் பூச்சு மிச்சமிருக்கிறது, அந்தப் பட்டையை மட்டும் மாற்றினால் போதும். காற்றில் ஈரப்பதம் கூடிய நாட்களில் மட்டும் தெரிந்து காய்ந்த நாட்களில் மறைந்தால் உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கிறது. தரையும் சுவரும் சேரும் மூலையில் மட்டும் என்றால் தரையின் வழியே வருகிறது. கீழிருந்து ஓரிடத்தில் மட்டும் நாக்கு நீட்டியது போல ஏறினால் அங்கே ஒன்றிரண்டு துளைகள் சரியாக நிரம்பவில்லை. ஸ்கர்டிங்கைக் கழற்றி, அந்தப் பழைய துளைகளுக்கு நடுவில் புதிதாக ஒன்றிரண்டு துளைகள் போட்டு நிரப்புங்கள். சுவர் முழுக்க ஒரே உயரத்தில் திரும்பியிருந்தால் மட்டும் எடைச் சோதனையை மறுபடி செய்து பாருங்கள். அதற்கு முன்னால், கடந்த ஓராண்டில் வெளியே யாராவது மண் கொட்டினார்களா, தளம் போட்டார்களா என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.